முறை வண்டி நின்ற நாள்

தபால் அட்டை வந்தது சந்தை நாளில். கன்னடத்தில் எழுதியிருந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. குந்தாரப்பள்ளியில் என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். மூன்று பாஷையில் சண்டை போடுவோம், ஒன்றில்தான் கையெழுத்துப் போடுவோம். சந்தையில் ராகி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆனேக்கல் வியாபாரி ஒருவரிடம் அட்டையை நீட்டினேன். அவர் முதல் இரண்டு வரிகளை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கு அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது.

"சுசீலாபாய் அம்மா தவறிட்டாங்களாம். பன்னண்டு நாளாச்சு. நாளைக்குப் பதிமூணாம் நாள் காரியம். வேண்டியவங்க வரணும்னு எழுதியிருக்காங்க" என்றார் அவர்.

அட்டை எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தது. இருந்தாலும் மத்தியானப் பஸ்ஸைப் பிடித்து, எல்லையிலுள்ள ஜூஜுவாடியில் இறங்கி வேறு பஸ் ஏறினால், பொழுது சாய்வதற்குள் பெங்களூர் போய்விடலாம். நான் போகவில்லை. எங்கள் பிரசவ விடுதியிலிருந்து ஒருவர்கூட வரவில்லையே என்று காரியத்துக்கு வந்திருந்த நீங்கள் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். 'நன்றி கெட்ட ஜனம்' என்று ஒருவர் சொன்னாராம். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதனால், அம்மாவை அறிந்த உங்களுக்கு நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் பலர் அம்மாவைப் பெங்களூரில் அந்தத் தர்ம நிதியின் அலுவலகத்தில், மேஜைக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். சிறிய தர்ம ஸ்தாபனங்களுக்கு உதவித்தொகை கொடுப்பது அந்த நிதியின் வேலை. யாருக்குக் கொடுக்கலாம் என்று நேரில் பார்த்துச் சொல்வது அம்மாவின் வேலை. நாங்கள் அவரை மேஜைக்குப் பின்னால் பார்த்ததே இல்லை. சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துவருவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

நான் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஊர் திரும்பியவன். செங்கமலம் சேலத்தில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்று இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நர்ஸ். சாலையோரத்தில் காலியாகக் கிடந்த ஒரு புளி மண்டியை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, மூன்று கட்டில் போட்டோம். எத்தனை தரம் கழுவினாலும் புளி வாசனை போகவில்லை. மசக்கைக்காரிகளுக்கு அது பிடித்திருந்தது என்று செங்கமலம் சொல்லுவாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கட்டை வண்டியில் உயிர்விட்ட பெண்களை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். அதற்காகத்தான் அந்தக் கட்டில்கள். ஆறு மாதத்தில் கைப்பொருள் கரைந்து, பெங்களூர் நிதிக்கு ஒரு விண்ணப்பம் போட்டோம்.

அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், என்னைவிட இரண்டொரு வயது சின்னவர். அவருடைய தமிழில் பாதி கன்னடம். 'நோடி', அதாவது 'பாருங்கள்', என்று ஆரம்பித்தால் அன்றைக்கு யாருக்கோ கேடுகாலம் என்பது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. காப்பியை ஒதுக்கிவைத்தார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சுகப்பிரசவம் என்று நான் அழகாக எழுதிவைத்திருந்த தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"நோடி கம்பவுண்டரே, வந்தவங்க கதை எனக்கு வேணாம். இங்க வராம வீட்லயே செத்தவங்க யார் யார்?"

எனக்குச் சுருக்கென்றது. "வந்தவங்களைப் பாக்குறோமுங்க. வராதவங்களுக்கு நாங்க என்னா பண்றது?" என்றேன்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். காசைக் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போறதுக்கு நான் என்ன மணியார்டர் தபால்காரனா?"

மூன்று நாள் தங்கினார். செங்கமலத்தோடு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்தார். திரும்பி வந்தபோது எங்களுக்குத் தெரியாத ஒன்றை எங்களுக்கே சொன்னார். பெண்கள் பயந்துகொண்டோ வெட்கப்பட்டோ வராமல் இல்லை. வலி எடுக்கிற நேரத்தில் ஊரில் உள்ள மாடெல்லாம் ஏர் பூட்டிக் கழனியில் நிற்கிறது, அவிழ்த்து வண்டியில் கட்டுவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. நான் மருந்து கேட்டு விண்ணப்பம் எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு வண்டி என்று எழுதினார். விடுதிக்கென்றே ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும், செங்கமலத்துக்குச் சம்பளமும் மூன்று வருஷத்துக்குத் தருவதாக ஏற்பாடாயிற்று.

மாடு வாங்கியதைச் சொல்லாமல் விட்டால் இங்கே யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். எங்கள் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஒரு பொம்பளை கையைத் துண்டுக்குள் எப்படி விடுவது என்று தரகர் தவித்துக்கொண்டிருந்தார். அம்மா துண்டை அவர் தோளிலேயே போட்டுவிட்டு, "வாயால சொல்லுங்க, எனக்குக் காது கேக்கும்" என்றார். சந்தையே வாயடைத்துப்போயிற்று. பத்துப் பேர் கேட்க விலை சொல்ல வேண்டியிருந்ததால் தரகரால் ஏற்றிச் சொல்ல முடியவில்லை. நல்ல மாடுகள் அவை, காதருகே வெள்ளை விழுந்த ஜோடி.

மாதம் தவறாமல் வருவார். கருவிகள் போட்ட தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பார், செங்கமலத்தோடு துணி பிழிவார், என்னோடு சண்டை போடுவார். கிளம்பும்போது ஒரே கேள்வி: "நாங்க நிறுத்திட்டா மறுநாள் காலையில என்ன செய்வீங்க?" எனக்கு அந்தக் கேள்வி அறவே பிடிக்காது. ஒரு தடவை, கடவுள் விட்ட வழி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "கடவுள் எங்க கமிட்டியில இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் வருஷத்தில் காற்று மாறியது. பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த சமயம் அது. ஓசூர் மதராஸ் பக்கமே நின்றுவிட்டது. நிதியின் கமிட்டியில் சிலர், எல்லை தாண்டி எதற்குக் கொடுக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள் என்று அம்மாவின் கடிதம் வந்தது. கோணல் மாணலான தமிழ் எழுத்தில் கடைசி வரி: எப்போதும் இருப்பது போலவே இருங்கள்.

இருந்திருக்கலாம். அது ராகி அறுப்புக் காலம், ஜனமெல்லாம் வயலில். மூன்று கட்டிலும் காலி. காலிக் கட்டிலைக் காட்டினால் கடையை மூடிவிடுவார்கள் என்று எனக்குக் கிலி பிடித்துவிட்டது. தெற்கே நாலு மைலில் கல் உடைக்கிற குடும்பங்கள் இருந்தன. அங்கே பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர், ஆறாம் மாதமும் ஏழாம் மாதமுமாக. அவர்களைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். செங்கமலம் வேண்டாம் என்றாள். அவள் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்கள் என்பதால் அவளையும் அதட்டி, விடிந்ததும் வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

ஏழு மணி சுமாருக்கு ஒருவன் ஓடிவந்தான். வடக்கே ஏரிக்கு அப்பால் இருக்கும் ஊரில் நீர்க்கட்டி திம்மராயனின் மகன். நீர்க்கட்டி என்றால் ஏரித் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குத் திறந்துவிடுகிறவர்.

"எம் பொஞ்சாதிக்கு விடியறதுக்கு முந்தியே வலி கண்டுருச்சிங்க. வண்டி வேணுமுங்க."

"வண்டி வந்துக்கிட்டே இருக்குது. தலைச்சன்தானே? நேரமாவும், பயப்படாதே" என்றேன்.

அவன் அழுதான். பெரிய மனிதர்கள் வருகிற நேரத்தில் வாசலில் ஒருவன் அழுதுகொண்டு நின்றால் நன்றாக இருக்காது என்று எனக்குப் பட்டது. பின்பக்கம் போய் உட்காரச் சொன்னேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒன்பதரைக்கு வண்டி வந்தது. கல்லும் மேடுமான எட்டு மைல் நடந்து மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று நுகத்தை இறக்கியதும் படுத்துவிட்டது. செங்கமலம் பெண்களை அவசரமாக உள்ளே கூட்டிப்போனாள். அவளிடம் வாயைத் திறப்பதற்குள் கமிட்டியின் கார் வாசலில் நின்றது.

அம்மா முதலில் உள்ளே வந்தார். முதல் கட்டிலருகே நின்றார். அவருக்கு அந்தப் பெண்களைப் பெயர் சொல்லித் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"சின்னப்பொண்ணு, உனக்கு ஆறாம் மாசம்தானே? என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. கம்பவுண்டர் ஐயா சித்த நேரம் படுத்துக்கச் சொன்னாருங்க."

அம்மா என்னைப் பார்த்தார். அதே நேரம் கார் சத்தம் கேட்டு, பின்பக்கத்திலிருந்து திம்மராயனின் மகன் ஓடிவந்து வாசலில் நின்றான். "வண்டி வந்துருச்சிங்களா?" என்று கேட்டான். எப்போது வந்தாய் என்று அம்மா கேட்டார். அவன் சொன்னான். வலி எப்போதிலிருந்து என்று செங்கமலம் கேட்டாள். குழந்தையின் கை முதலில் வெளியே வந்திருப்பதாக அப்போதுதான் சொன்னான். செங்கமலம் கருவிப் பெட்டியை எடுக்க ஓடினாள்.

படுத்திருந்த மாட்டை அம்மா ஒரு தரம் பார்த்தார். திரும்பிப்போய், கமிட்டிக்காரர்களிடம் கன்னடத்தில் இரண்டே வார்த்தை பேசிக் காரை வாங்கினார். செங்கமலமும் அவனும் ஏறிக்கொண்டார்கள். தான் ஏறுவதற்கு முன் அம்மா என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நோடி, நான் சொல்ல மாட்டேன். நான் வர்றதுக்குள்ள நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

கார் போய்விட்டது. கமிட்டிக்காரர்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ரிடையரான இஞ்சினீயர், இன்னொருவர் ஜவுளிக்காரர். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. கட்டில்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தியாகவே இருந்தார்கள். "பரவாயில்லையே, இடம் போதாது போலிருக்கிறதே" என்றார் இஞ்சினீயர். இன்னொரு கட்டிடத்துக்குச் சிபாரிசு செய்யலாமா என்றுகூட இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், விடுதி பிழைத்துவிடும். செங்கமலத்துக்குச் சம்பளம் வரும், கட்டில்கள் இருக்கும், இனி வரப்போகிற எத்தனையோ பெண்கள் பிழைப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். கார் வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே கார் ஓடையைத் தாண்டாது என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும்.

பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. படுத்திருந்த மூன்று பேரும் பசிக்கிறது என்றார்கள். சின்னப்பொண்ணு, "நாங்க எந்திரிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். "எந்திரிம்மா" என்றேன். பிறகு அந்த இருவர் முன்னால் நின்று, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். வண்டியை எதற்கு அனுப்பினேன், அவனை எதற்குப் பின்பக்கம் உட்காரவைத்தேன் என்பதுவரை சொன்னேன். ஜவுளிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இஞ்சினீயர் மட்டும், "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் பெயர் மாதம்மா. ஓடையிலிருந்து காரில் ஏற்றி நேரே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். சேலை முழுக்க ரத்தம். "தாயி பிழைச்சிட்டா" என்றார். குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டீர்களா என்று கண்ணாலேயே கேட்டார். தலையசைத்தேன். கை கழுவப் போனார்.

வருஷ முடிவோடு உதவி நிறுத்தப்படும் என்று கடிதம் வந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். நானாக இருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். அடுத்த மாதம், வழக்கமான நாளில், அம்மா தன் சொந்தச் செலவில் வந்து இறங்கினார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நாங்க நிறுத்திட்டோம். அந்த மறுநாள் காலை வந்திருச்சு. சொல்லுங்க, என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "மூட வேண்டியதுதான். ஒரு குழந்தையைக் கொன்னவன் விடுதி நடத்த லாயக்கில்லே" என்று கத்தினேன்.

"அழறதுன்னா அப்பறம் அழலாம். இப்ப திம்மராயன் வீட்டுக்குப் போகலாம், எந்திரிங்க."

பேரனைப் பறிகொடுத்த வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். திம்மராயன் என்னை உட்கார்ந்தபடியே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா அவரிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இனிமேல் வண்டி வாங்கித் தர ஆள் இல்லை, ஒரே வண்டியை நம்பியது எங்கள் தப்பு, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்டார். கிழவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏரித் தண்ணிக்கு முறை இருக்குது. எத்தனை பஞ்சத்திலும் எவனும் முறை தப்புனதில்லே. தண்ணிக்கு வெக்கிற முறையை வண்டிக்கு வெச்சா என்னா?" என்றார்.

அதுதான் இன்றைக்குப் பதினோரு ஊரிலும் இருக்கிற முறை வண்டி. ஊருக்கு ஊர், தினம் ஒரு வீட்டு வண்டி, மாடு ஏருக்குப் போகாமல், நுகத்தில் சிவப்புத் துணி கட்டி நிற்கும். பொழுது விடிந்தால் அடுத்த வீட்டுக்குத் துணி போகும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு ஆறு மாதம் பிடித்தது. அம்மாவும் திம்மராயனும் வாசல் வாசலாக நடந்தார்கள். இன்னொரு பெண்ணுக்குப் பிரசவப் பயிற்சி கொடுக்க மட்டும் கடைசியாக ஒரு தொகை வேண்டும் என்று அம்மா கமிட்டியில் போராடி வாங்கிவந்தார். அந்த இஞ்சினீயர்தான் அதற்கு முதலில் கை தூக்கினாராம். எங்கள் ஊரில் கூலிக்காரர்களின் தெற்குத் தெருவில் யாருக்கும் வண்டி கிடையாது. அவர்களை முறையில் சேர்ப்பதா என்று பெரிய வீடுகளில் முணுமுணுத்தார்கள். சந்தையில் தான் வாங்கிய வண்டியையும் மாட்டையும் அம்மா அந்தத் தெருவுக்கே கொடுக்கவைத்தார். முணுமுணுத்த வீட்டு மருமகளே ஒரு நாள் அந்த வண்டியில்தான் வந்து இறங்கினாள். இப்போது எங்கள் கட்டில்கள் அறுப்புக் காலத்தில் காலியாகத்தான் இருக்கின்றன. "காலிக் கட்டிலுக்கு ஏன் வெக்கப்படறீங்க? அது காத்துக்கிட்டிருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முறைக்குச் சட்டம் எழுதியவன் நான். சூடு பட்டவன் என்பதால் கொஞ்சமும் இளக்கம் இல்லாமல் எழுதினேன். கல்யாணம், திருவிழா, கோர்ட்டு வாய்தா, எதற்காகவும் முறையை மாற்றக்கூடாது. சொந்த வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் மாற்றலாம்.

அட்டை வந்த மறுநாள், குந்தாரப்பள்ளியில் என் வீட்டு முறை.

திம்மராயன் அன்று சந்தைக்கு வந்திருந்தார். செய்தியைக் கேட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னை அருகே கூப்பிட்டார்.

"நீ போய்ட்டு வா. உங்க ஊட்டுச் சாவுன்னு ஒரு வார்த்தை சொல்லு. முறையை மாத்தி உட்டுறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எங்க ஊட்டுச் சாவுதானுங்க" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "ஆனா மாத்த வேணாம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு வண்டியைத் தெற்கே அனுப்பியதும் அம்மாவின் முகத்துக்காகத்தான். அவர் சிபாரிசு செய்த இடம் கமிட்டியின் கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்றுதான். இன்னொரு தரம் அவர் பெயரைச் சொல்லி ஒரு வண்டி தன் இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் அங்கே இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் விடுதி வாசலில், நுகத்தில் சிவப்புத் துணி கட்டிய என் வண்டியோடு நின்றிருந்தேன். கட்டிலில் ஆள் இருந்ததால் செங்கமலமும் கிளம்பவில்லை. திம்மராயன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் மாதம்மா தன் ஒரு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வண்டியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பகல் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாயும்வரை மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டு சும்மா நின்றன.

அம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய அந்த 'மறுநாள் காலை' கேள்வி ஒன்றுதான். இத்தனை வருஷம் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் போய்விட்ட பிறகும் ஒரு காலை விடிந்தது. நான் நுகத்திலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தெற்குத் தெருவிலிருந்து அடுத்த முறை வண்டி வந்து நின்றது. காதருகே வெள்ளை விழுந்த அதே ஜோடி மாடுகள். ஓட்டிவந்தவரின் கையில் துணியைக் கொடுத்தேன்.